அரை மில்லிமீட்டருக்கு ஓராண்டு

எங்கள் ஆராய்ச்சிப் பிரிவில் எனக்குச் 'சிவப்பு மை' என்று பட்டப்பெயர். முனைவர் பட்டத்துக்கு ஆறு வருடம் கெடு. அதற்கு மேல் ஒவ்வொரு வருடமாக இரண்டு நீட்டிப்பு. மூன்றாவது வேண்டுமென்றால் சிறப்புக் குழு கூடித் தரவேண்டும். எல்லா விண்ணப்பமும் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். 'தாமதத்துக்கான காரணம்' என்ற கட்டத்தில் பத்தொன்பது வருடமாக நான் படித்த புளுகு ஒரு லாரி கொள்ளாது. ஒருவருடைய மாமனார் மூன்று தடவை செத்திருக்கிறார்.

தாவரவியல் மாணவி ஒருத்தி, முப்பத்தைந்து வயதிருக்கும், மூன்றாவது நீட்டிப்பு கேட்டிருந்தாள். அந்தக் கட்டத்தில் ஒரே வரி: 'இரண்டும் இன்னும் தொடவில்லை. அரை மில்லிமீட்டர் மிச்சம்.'

எனக்குச் சுள்ளென்று ஏறியது. யாரிடம் வேடிக்கை? 'காரணத்தைப் பொறுப்போடு எழுதவும்' என்று கிறுக்கித் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் அவளே வந்து நின்றாள். சண்டைக்கு வருகிறாள் என்று நானும் வரிந்துகட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளோ, ஐந்து நிமிடம் கூட வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டாள்.

நூலகத்துக்குப் பின்னால் ஒரு பழைய கருங்கல் சுவர். தினமும் அதன் ஓரத்தில்தான் சைக்கிளை நிறுத்துகிறேன். கல்லில் தேமல் போலப் படர்ந்த இரண்டு வட்டங்களைக் காட்டினாள். ஒன்று உள்ளங்கை அகலம், இன்னொன்று நாணயம் அளவு. ஏதோ அழுக்கு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். லைக்கனாம், பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உயிராம். பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். குனிந்து பார்த்தேன். மஞ்சளும் பச்சையுமாகப் பொடிப்பொடியாய்ப் பாளங்கள், ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்பு விளிம்பு. இரண்டு வட்டத்துக்கும் நடுவில் மெல்லிய கோடாக வெறுங்கல்.

அவள் ஆராய்ச்சியில் சேர்ந்தபோது அந்தக் கோடு நாலரை மில்லிமீட்டர் இருந்ததாம். இந்தப் பக்கமிருந்து ஒன்று வருடத்துக்குக் கால் மில்லிமீட்டர் வரும், அந்தப் பக்கமிருந்து மற்றது கால் மில்லிமீட்டர். எட்டு வருடமாக அளந்துகொண்டிருக்கிறாள். இரண்டும் முட்டிக்கொண்டால் எது விட்டுக்கொடுக்கும் என்பதுதான் அவளுடைய கேள்வி.

"பெரிசுக்கு எத்தனை வயசும்மா?" என்று கேட்டேன்.

"நூத்தி அறுபது இருக்கும் சார்."

சுவரில் ஊன்றியிருந்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டேன். எங்கள் பல்கலைக்கழகம் பிறக்காத நாளிலேயே அது இந்தக் கல்லில் நகர்ந்துகொண்டிருந்திருக்கிறது, யாரிடமும் அனுமதி கேட்காமல்.

நேராகப் பதிவாளரிடம் ஓடினேன். குழு போன வாரமே கூடிக் கலைந்துவிட்டது என்றார் அவர். ஒரு மாதத்துக்குள் ஆய்வேட்டைத் தராவிட்டால் அவளுடைய பதிவு ரத்து.

"மனு நேரத்துக்கு வந்திருந்தா எடுத்திருப்பாங்க. நீங்கதானே திருப்பி அனுப்பினீங்க?"

கெஞ்சிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். விதி அசையவில்லை. அவளிடம் சொல்லும்போது என்னால் முகத்தை நிமிர்த்த முடியவில்லை. என் தப்புதான் என்றேன். அவள் பூதக்கண்ணாடியைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள்.

"அப்போ, தொடலைன்னே எழுதிடறேன் சார்."

கெடு முடியும் நாளன்று ஆய்வேட்டைக் கொண்டுவந்தாள். பக்கங்களைச் சரிபார்ப்பது என் வேலை. கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை: தேதி, இடைவெளி, அளந்தவர். எட்டு வரிசையில் அவள் பெயர். அதற்குக் கீழே நாற்பது வருடத்துக்கான தேதிகள் மட்டும் வரிசையாக இருந்தன. மற்ற கட்டங்கள் காலி.

"இதையெல்லாம் யாரும்மா நிரப்பப் போறாங்க?"

"யாராவது வருவாங்க சார். அதுக்கு ஒண்ணும் அவசரமில்லையே."

அந்தக் காலிக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஓய்வுபெற இன்னும் பதினோரு வருடம் இருந்தது. எப்படி அளப்பது என்று எனக்குச் சொல்லித்தர முடியுமா என்று அவளிடம் கேட்டேன்.