ஜெரண்டு வைத்தியம்

அவசரப் பிரிவில் அவளுக்கு ‘ரெண்டு தரம்’ என்று பட்டப்பெயர். டாக்டர் போனில் மருந்து சொன்னால் மருந்தின் பெயர், அளவு, எந்தப் படுக்கை என்று எல்லாவற்றையும் திருப்பிச் சொல்வாள். மறுமுனையிலிருந்து ‘சரி’ என்று வரும்வரை ஊசியைத் தொடமாட்டாள். ஆஸ்பத்திரி விதியே அதுதான். மற்ற நர்சுகள் அவசரத்தில் விதியை விழுங்கிவிடுவார்கள். அவள் விழுங்கியதில்லை.

“சிஸ்டர், நான் தும்மினாக்கூட திருப்பிச் சொல்வீங்க போல,” என்றார் சின்ன டாக்டர் ஒருநாள்.

“எத்தனை தும்மல்னு சொல்லுங்க டாக்டர். எழுதிக்கறேன்.”

வார்டில் அவள் சிரித்துப் பேசுவதெல்லாம் அவ்வளவுதான். வீட்டுக்குப் போனால் பேச ஆளில்லை. கணவன் இன்னொரு ஊரில் இன்னொரு குடும்பத்தோடு இருந்தான். மகள் கடல் கடந்து பெரியம்மாவிடம், அதாவது இவளுடைய அக்காவிடம் இருந்தாள்.

அனுப்பியது அவள்தான். அப்போதெல்லாம் ஷிப்டுக்குப் போகும்போது ஆறு வயதுப் பிள்ளையை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டுப் போவாள். விடுமுறைக்கு வந்த அக்கா ஒருநாள் ஜன்னல் கம்பி வழியாகப் பிள்ளைக்கு பிஸ்கட் கொடுத்துவிட்டு, கதவருகிலேயே உட்கார்ந்து அழுதாள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை.

“நான் கூட்டிட்டுப் போறேன்டி. அந்த ஊர்ல நர்சுக்கு அவ்வளவு கிராக்கி. இங்கிலீஷ் பரீட்சை ஒண்ணுதான். ஒரு வருஷத்துல நீயும் வந்துடு.”

ஒரு வருஷம் மூன்றாகிவிட்டது. பரீட்சையில் இரண்டு தடவை தோற்றாள். அந்த நாட்டில் பிள்ளை விருந்தாளியாக இருப்பதற்கு ஒரு கெடு உண்டு. இந்தக் கோடையோடு அது முடிகிறது. அதற்குள் தாய் வேலைக்கு வந்து சேர வேண்டும், இல்லையென்றால் அக்காவும் மாமாவும் பிள்ளையைத் தத்தெடுக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் பிள்ளை திரும்பிவர வேண்டும்.

“இங்கயே வந்துடறியா கண்ணு?” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டுப் பார்த்தாள்.

“வந்தா அங்க யாருமா இருப்பா? நீ ட்யூட்டில இருப்பே.”

பிள்ளை குறையாகச் சொல்லவில்லை. மழை வரும் என்பதுபோலச் சொன்னாள்.

ஆகவே மூன்றாம் தடவை. பயிற்சி வகுப்பு ஒரு மருந்துக் கடையின் மாடியில் நடந்தது. படித்தவர்கள் எல்லாரும் நர்சுகள். வாத்தியாருக்கு மீசை இப்போதுதான் கறுத்திருந்தது. தம்பி என்றால் மரியாதையில்லை, சார் என்றால் சிரிப்பு வருகிறது என்று இரண்டையும் சேர்த்து ‘தம்பி சார்’ என்று கூப்பிட்டார்கள்.

தம்பி சார் அவளுடைய மதிப்பெண்களைப் பார்த்தான். எழுத்தில் பரவாயில்லை. பேச்சில் தரைமட்டம்.

“பேச்சுல என்னக்கா ஆச்சு?”

“நேரம் பத்தலை சார். ஆரம்பிக்கறதுக்குள்ள மணி அடிச்சிடுது.”

“ஏன் தயங்கறீங்க? எங்க, உங்க வேலையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“ஐ என்ஜாய் டு வொர்க் இன் கேஷுவாலிட்டி.”

தம்பி சார் மேசையைத் தட்டினான். “புடிச்சிட்டேன்! என்ஜாய்க்குப் பின்னாடி ‘டு வொர்க்’ வராதுக்கா. ‘வொர்க்கிங்’. உங்க வியாதி ஜெரண்டு.”

வியாதிக்குப் பெயர் கிடைத்ததில் அவளுக்கும் ஒரு நிம்மதி. பெயர் தெரிந்தால் பாதி குணம் என்று அவளே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள்.

வைத்தியம் ஆரம்பமானது. தம்பி சார் பலகையில் எழுதிக் காட்டினான். வினைச்சொல் ஓடியாடி வேலை செய்யும். அதற்கு ‘இங்’ போட்டால் பெயர்ச்சொல்லாகி நாற்காலியில் உட்கார்ந்துவிடும். நட என்பது வேலை. நடத்தல் என்பது ஒரு பொருள். ‘நடக்கிறது உடம்புக்கு நல்லது’ என்று நாம் சொல்லும்போது அந்த ‘நடக்கிறது’தான் ஜெரண்டு.

“அப்போ அது தனியாத்தான் உக்காருமா சார்?” என்று பின்வரிசை நர்சு கேட்டாள்.

“பரிவாரத்தோட வந்தும் உக்காரும். ‘காலையில கடற்கரையில வெறுங்காலோட நடக்கிறது’. அத்தனையும் சேர்ந்து ஒரே பெயர்ச்சொல். அதுக்குப் பேரு ஜெரண்டு ஃபிரேஸ். ஒரு எடுத்துக்காட்டு, யாராவது.”

அவள் எழுந்தாள். “டர்னிங் த பேஷண்ட் எவ்ரி டூ அவர்ஸ் பிரிவென்ட்ஸ் பெட் சோர்ஸ்.”

இரண்டு மணிக்கொரு தரம் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது புண் வராமல் தடுக்கும். தம்பி சார் கைதட்டினான். “அக்கா படுக்கையோட நோயாளியைத் தூக்கி நாற்காலில உக்காரவெச்சிட்டாங்க!”

அதன்பின் அவளுக்கு ஜெரண்டுப் பைத்தியம் பிடித்தது. பேருந்தில் சொல்லிக்கொண்டாள். கையுறை மாட்டுதல், படுக்கை விரித்தல், காயம் கழுவுதல். என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ், மைண்ட் என்று ‘இங்’ கேட்கும் வினைகளைப் பாட்டாகப் பாடிக்கொண்டே சிரிஞ்சு எண்ணினாள். பின்வரிசை நர்சு, “அக்காவுக்கு வேப்பிலை அடிக்கணும்,” என்றாள்.

தினமும் வகுப்பு முடிந்ததும் தம்பி சார் அவளை எதிரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டான். அவள் கேள்வியைத் திருப்பிச் சொல்வாள். அவன் “ம்” என்பான். அவள் பதில் சொல்வாள். பதிலில் ஜெரண்டு தப்பாமல் வந்தது. நேரமும் மிச்சமிருந்தது.

“கல்லுல பொறிச்ச மாதிரி இருக்குக்கா. போங்க, அள்ளிட்டு வாங்க.”

பரீட்சைக் கூடத்தில் வரிசையாகச் சின்னச் சின்னத் தடுப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு திரை, காதுக்கு மாட்டும் கருவி. குரல் கேள்வி கேட்கும். மணி ஒன்று ஒலிக்கும். திரையில் ஒரு பச்சைக் கோடு வளரத் தொடங்கும். கோடு மறுஓரம் தொடுவதற்குள் பேசி முடிக்க வேண்டும். தொட்டதும் மறுபடி மணி அடிக்கும்.

களைப்பாக இருக்கும்போது எதைச் செய்வதைத் தவிர்ப்பீர்கள் என்று குரல் கேட்டது. தவிர்ப்பது, அவாய்ட். பின்னால் ‘இங்’. அவளுக்குச் சிரிப்பே வந்தது. கேள்வியைச் சொல்லுக்குச் சொல் தெளிவாகத் திருப்பிச் சொன்னாள். பிறகு காத்திருந்தாள்.

கோடு வளர்ந்தது. பாதியைத் தாண்டியது. அவள் திடுக்கிட்டுப் பதிலைத் தொடங்கினாள். மணி அடித்தது.

இரண்டாவது கேள்விக்கும் அப்படியே. மூன்றாவதற்கும். நான்காவதில், பக்கத்துத் தடுப்பிலிருந்த பெண் கேள்வி முடிந்த மறுநொடி கடகடவென்று பேசுவது கேட்டது. அவளும் நர்சுதான். விதியை விழுங்குகிறவள்.

அப்போதுதான் தெரிந்தது. தான் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிந்தது. இந்தக் கருவி ‘சரி’ சொல்லாது. போன தடவையும் சொல்லவில்லை. அதற்கு முந்தின தடவையும் சொல்லவில்லை. ‘ம்’ சொன்னவன் தம்பி சார் ஒருவன்தான். தான் சொல்கிறோம் என்று அவனுக்கே தெரியாது. வயிற்றுவலிக்காரனுக்குக் கண்ணில் சொட்டுமருந்து விட்ட கதை. அதையும் ஐந்து மாதம், இருவரும் சேர்ந்து, சந்தோஷமாக.

ஐந்தாவது கேள்வியில் திருப்பிச் சொல்வதில்லை என்று முடிவு செய்தாள். மணி அடித்தது. கோடு கிளம்பியதுமே வாய் தானாகத் திருப்பிச் சொன்னது. அதை நிறுத்துவது ஓடும் ரத்தத்தை விரலால் நிறுத்துவதுபோல இருந்தது. ஆறாவதில் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். திருப்பிச் சொல்லவில்லை. வேறு எதையும் சொல்லவும் முடியவில்லை. கடைசிக் கேள்வி, குடும்பத்தோடு சேர்ந்து ரசித்துச் செய்வது என்ன என்பது. கோடு முடியும் தறுவாயில் ஒரு வாக்கியம் வந்தது. என் மகளுக்குத் தலை பின்னிவிடுவது எனக்குப் பிடிக்கும். இலக்கணம் சுத்தமாக இருந்தது.

வாசலை விட்டு வந்ததும் தம்பி சார் போன் செய்தான். “அக்கா, ஜெரண்டு வந்துச்சா?”

“வந்துச்சு சார்.”

“சொதப்பலையே?”

“ஒண்ணுகூடத் தப்பில்லை.”

“நான் சொன்னேன்ல!” அவன் குரல் துள்ளியது. மிச்சத்தைச் சொல்லாமல் அவள் போனை வைத்தாள். அவனாவது நன்றாகத் தூங்கட்டும்.

முடிவு வந்தபோது நர்சுகள் உடை மாற்றும் அறையில் இருந்தாள். எழுத்தில் நல்ல மதிப்பெண். பேச்சில் முன்னிரண்டு தடவையையும்விடக் குறைவு. ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வார்டு ஷூவுமாக உட்கார்ந்து அக்காவைக் கூப்பிட்டாள்.

“வரலைக்கா.”

“இன்னொரு தடவை எழுதலாம்னா நாள் இல்லையேடி.”

“தெரியும்க்கா.”

“மாமா வக்கீல்கிட்டப் பேசிட்டாரு. நீ கையெழுத்துப் போட்டாப் போதும். பேருக்குத்தான்டி எல்லாம். உன் பிள்ளை உன் பிள்ளைதான்.”

“சரிக்கா.”

“அவகிட்ட நீயே சொல்றியா?”

“குடு.”

போன் கைமாறியது. தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது, நின்றது.

“கண்ணு, அம்மா பரீட்சைல...”

“தெரியும்மா.”

“இப்பதானே முடிவு வந்துச்சு. பெரியம்மா சொன்னாளா?”

“இல்ல, முன்னாடியே. நீ எழுதப் போறதுக்கு முன்னாடியே, நான் இங்கயேதான்னு சொல்லிட்டாங்க. என் ரூமுக்கு பெயின்ட் அடிச்சாச்சு. மஞ்சள்.”

அவள் மஞ்சளை நினைத்துப் பார்த்தாள். அறையை நினைக்க முடியவில்லை. அவள் அதைப் பார்த்ததில்லை.

“நல்லா இருக்கா?”

“ம். சூப்பரா இருக்கு.” பிறகு பிள்ளை குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அக்கா பக்கத்தில்தான் இருந்திருப்பாள். “அம்மா, ஒண்ணு கேக்கவா? பெரியம்மாவை இனிமே அம்மான்னு கூப்பிடணுமாம். ஸ்கூல்ல குழப்பம் வரக்கூடாதாம். அப்போ நீ அவங்களுக்குத் தங்கச்சிதானே?”

“ஆமா.”

“அப்போ நீ எனக்குச் சித்தியா?”

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். அவள் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்படித்தான் முறை வரும்.”

“சித்தின்னு கூப்பிட்டா பேசுவியா?”

“பேசுவேன்.”

“கோவம் வராதே?”

“வராது கண்ணு.”

பிள்ளை நிம்மதியாக மூச்சு விடுவது காதில் விழுந்தது. கதவை மறுபடியும் தட்டினார்கள். அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே குனிந்து இன்னொரு ஷூவையும் மாட்டிக்கொண்டாள்.