வெயிலுக்கு வராத கதவு

கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் அந்தப் பட்டறையில் அவருக்குக் கழுகு என்று பெயர். பழைய நிறத்தை ஒரு முறை பார்த்தால் போதும், எதில் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று அவர் கைக்குத் தானாகத் தெரியும். அப்படிப்பட்டவருக்கும் வயிற்றெரிச்சல் கொடுக்க ஓர் ஆள் இருந்தான்: மனைவியின் தங்கை புருஷன். சகலைக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே கழுகுதான். அந்த நல்ல காரியத்துக்காக அவர் தன்னையே திட்டிக்கொள்ளாத நாள் கிடையாது.

சகலைக்குக் கைவேலை சுமார்தான். ஆனால் எதைக் கலக்கினாலும் முதலில் ஒரு தகரத் துண்டில் அடிப்பான். அதைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு ஓடுவான். வண்டியோடு ஒட்டிவைத்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் சரியா என்று கேட்பான். சரியில்லை என்று யாராவது சொன்னால் முகம் சுண்டாது, மறுபடி கலக்குவான். தொழில் தெரிந்தவன் ஊரைக் கூட்டியா அபிப்பிராயம் கேட்பான் என்று கழுகு எல்லார் முன்னாலும் கிண்டலடித்தார். சகலையும் சேர்ந்து சிரித்தான். அதில்தான் அவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

இந்தச் சமயத்தில் முதலாளி பக்கத்துத் தெருவில் இன்னொரு பட்டறை போட்டார். அதைப் பார்த்துக்கொள்ளப் போவது கழுகுதான் என்று எல்லாரும் சொன்னார்கள். வீட்டில் மனைவி, இனி வேலைக்கு இஸ்திரி போட்ட சட்டைதான் என்று முடிவே கட்டிவிட்டாள். ஆனால் முதலாளி சகலையின் தோளில் கை போட்டுப் பேசியதைப் பார்த்ததிலிருந்து கழுகுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் ஒரு சாம்பல் நிறக் கார் வந்தது. ஒரு கதவு மட்டும் நசுங்கியிருந்தது. கழுகு ட்யூப்லைட் வெளிச்சத்தில், தன் கண்ணையே நம்பிக் கலக்கி அடித்து முடித்தார். வழக்கம்போலப் பட்டறை ஆட்கள் அசந்து வாய் பிளந்தார்கள். சகலை மட்டும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். மற்றவர்கள் நகர்ந்த பிறகு அருகில் வந்தான்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. வண்டிய ஒரு தடவ வெயில்ல நிறுத்திப் பாத்துரலாமா?"

"ஏன், உனக்கு இங்க கண்ணு தெரியலையா?"

"கதவு கொஞ்சம் நீலம் அடிக்கிற மாதிரி இருக்குண்ணே."

அடிக்கத்தான் செய்தது. பூச்சு காயும்போதே கழுகுக்கும் லேசாகப் பட்டிருந்தது. விட்டிருந்தால் தானே திருத்தியிருப்பார். இவன் சொல்லி, அதைக் கேட்டுத் தான் திருத்துவதா?

"ஸ்ப்ரே கன்ன எப்படிப் பிடிக்கணும்னு உனக்குச் சொல்லிக் குடுத்ததே நான். போய் உன் தகரத்தப் பாரு" என்றார்.

சகலை போய்விட்டான். யாரிடமும் மூச்சு விடவில்லை. அதையும் கழுகு நல்ல குணமாக எடுத்துக்கொள்ளவில்லை. தான் எப்போது விழுவோம் என்று காத்திருக்கிறான் என்றே நினைத்தார்.

மறுநாள் காலை, காருக்குச் சொந்தக்காரரான வண்டிக்காரர் வந்து அதை வாசலுக்கு எடுத்தார். வெயில் பட்டதும், வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டியதுபோல அந்தக் கதவு தனியாகத் தெரிந்தது. அவர் சத்தம் போடவில்லை, முதலாளியைப் பார்த்தார். முதலாளி கழுகைப் பார்த்தார்.

"உங்களுக்குமா இது தெரியல?"

தெரியவில்லை என்றால் கண் போயிற்று. தெரிந்தது என்றால் மானம் போயிற்று. 

புதுப் பட்டறையின் சாவி அன்றே சகலையின் கைக்குப் போனது. கைவேலையில் உங்களை மிஞ்ச ஆளில்லை, ஆனால் கலர் சரியில்லை என்று உங்களிடம் சொல்ல இங்கே யாருக்குத் தைரியம் இருக்கிறது என்று முதலாளி தணிவாகக் கேட்டார். கழுகு கதவைத் தேய்த்துவிட்டு மறுபடி கலக்க உட்கார்ந்தார்.

புதுப் பட்டறைக்குக் கிளம்பும் முன் சகலை வந்து, போயிட்டு வரேண்ணே என்றான். கழுகு தலையை மட்டும் ஆட்டினார். அவன் தெருமுனை திரும்பும் வரை பொறுத்திருந்து, ஒரு தகரத்தில் அடித்து எடுத்துக்கொண்டு வெயிலுக்கு வந்தார். வண்டிக்காரர் நிழலில் உட்கார்ந்திருந்தார். கழுகு தகரத்தை வண்டியோடு ஒட்டிப் பிடித்தார்.

"சார், இது ஒத்துப்போகுதா பாருங்க."

"இன்னும் கொஞ்சம் நீலம் தெரியுதேப்பா."

சுருக்கென்று தைத்தது. சகலை இருக்கிறானோ என்று தெருவை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "ஆமா, தெரியுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.