இடது ஷூவில் உப்பு

லைப்ஸிக்கில் ஒரு பதிப்பகம் ஒன்பது பழைய இங்கிலீஷ் பேய்க்கதைகளைக் கொடுத்து, ஜெர்மனில் மொழிபெயர்க்கச் சொன்னது. பாழடைந்த மாளிகை, பூட்டிய அறை, மெழுகுவர்த்தியோடு அலையும் சீமாட்டி. இதற்கெல்லாமா பயப்படுவார்கள் என்று சிரித்துக்கொண்டே ஆறு கதைகளை முடித்தேன்.

ஏழாவது கதையில் சுவரில் மாட்டிய படம் தானாகத் திரும்பிக்கொள்ளும். அதை எழுதி முடித்த மூன்றாம் நாள், என் சமையலறையில் அம்மாவின் போட்டோ சுவரைப் பார்த்துத் தொங்கியது. கதவு பூட்டியபடியே இருந்தது. எட்டாவது கதையில் கடிகாரம் நாலே காலுக்கு நிற்கும். அந்த வாரம் என் மகள் யூத்தாவை மழலையர் பள்ளியிலிருந்து கூட்டிவந்தால், எங்கள் கடிகாரமும் நாலே காலில் நின்றிருந்தது.

வெளியே சொல்லவும் வழியில்லை. ஜெர்மனி இரண்டாகப் பிரிந்திருந்த காலம்; எல்லைக்கு அந்தப் பக்கம், மேற்கே ஹாம்பர்க்கில் இருக்கும் அக்காவிடம் போய்விட அரசாங்கத்திடம் மனு கொடுத்திருந்தேன். மனுவை வாங்கிய அதிகாரி அம்மாள் அன்றே சொல்லிவிட்டாள்.

"புத்தி சரியில்லாத அம்மாகிட்ட நாங்க குழந்தைய விட்டுவைக்க மாட்டோம். பாத்து நடந்துக்குங்க."

மாடி வீட்டு மார்லீஸிடம் மட்டும் சொன்னேன். என் கையெழுத்துப் பக்கங்களை டைப் அடித்துத் தருபவள், பத்து வருஷப் பழக்கம்.

"போயும் போயும் பேயோட குடித்தனம் பண்றியேடி! பேசாம டாக்டர்கிட்ட போ ரோஸ்வித்தா. நானும் கூட வரேன்."

நானே செய்துவிட்டு மறந்துபோகிறேனோ? அந்தச் சந்தேகம்தான் பேயைவிட மோசமாக இருந்தது.

ஒன்பதாவது கதையில் பேய் கட்டிலில் ஈரக் கையுறையை விட்டுப்போகும். அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, தலையணைமேல் குழந்தையின் இடது ஷூ, அது நிறைய உப்பு என்று என் இஷ்டத்துக்கு எழுதினேன். வீட்டிலிருந்த உப்பையெல்லாம் தொட்டியில் கொட்டி, ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தேன். இனி நானே நினைத்தாலும் செய்ய முடியாது. புதன்கிழமை பக்கங்களை மார்லீஸிடம் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் கதவைத் திறந்ததும் யூத்தா உள்ளே ஓடினாள்.

"அம்மா! என் சிவப்பு ஷூ தலகாணி மேல இருக்கு! உள்ள ஒரே உப்பு!"

உப்பு வெளியிலிருந்து வந்திருக்கிறது. அந்த வரி எந்தப் புத்தகத்திலும் கிடையாது. படித்தவள் ஒருத்திதான். செடிக்குத் தண்ணீர் ஊற்ற நானே கொடுத்த மாற்றுச் சாவியும் அவளிடம்தான் இருக்கிறது. எனக்குப் பைத்தியம் இல்லை என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அடுத்த நொடியே, என் மனுவை வாங்கியவர்கள்தான் என்னைப் பைத்தியமாக்க அவளை ஏவிவிட்டிருக்கிறார்கள் என்பது புரிந்துவிட்டது.

கதவு தட்டப்பட்டது. ஷூவைப் போர்வைக்குள் தள்ளிவிட்டுத் திறந்தேன். கையில் டைப் அடித்த தாள்களோடு மார்லீஸ் நின்றாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? மறுபடியும் ஏதாவது நடந்துச்சா?"

"ஒண்ணுமில்லையே. ரெண்டு நாளா நல்லாத் தூங்கறேன்."

அவள் நம்பவில்லை. குனிந்து யூத்தாவின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"நீ சொல்லுடா செல்லம். வீட்டுல ஏதாவது அதிசயம் பாத்தியா?"

யூத்தாவின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும், திங்கட்கிழமை ஆட்கள் வந்து அவளைக் கூட்டிப்போய்விடுவார்கள். நான் கண்ஜாடைகூடக் காட்ட முடியாமல் நின்றேன். ஆறு வயதுக் குழந்தை என் முகத்தைப் பார்த்தது, மார்லீஸைப் பார்த்தது.

"இல்ல அத்தை," என்றாள் யூத்தா, சிரித்துக்கொண்டே. "ஒண்ணுமே பாக்கல."

மார்லீஸ் போனபின் கதவைத் தாழிட்டு, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டேன். இவ்வளவு அழகாகப் பொய் சொல்ல இவளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று யோசித்தேன். சற்றுமுன் நான் மார்லீஸிடம் சொன்ன பொய்யை இவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.