டப்பிங்கில் போன குரல்

டீச்சருக்குக் குரல்வளையில் கட்டி என்று செவ்வாய்க்கிழமை சொன்னார்கள். வெள்ளிக்கிழமை குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். மூச்சு விடவே திணறிக்கொண்டிருந்ததால் யோசிக்க அவகாசம் இல்லை. உயிர் தப்பியது, இருபத்தெட்டு வருடம் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த குரல் போய்விட்டது. கழுத்தில் ஒரு துளை, அதை மறைக்க மெல்லிய துணி, கையில் ஒரு சிலேட்டு என்று வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

ஒரு மாதம் கழித்து, ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு வழி சொன்னாள். போனில் தட்டச்சு செய்தால் அது வாய்விட்டுப் படிக்கும். பழைய பேச்சு அரை மணி நேரத்துக்குப் பதிவாகி இருந்தால், அந்தக் குரலிலேயே படிக்க வைக்கலாம். ஆபரேஷனுக்கு முன்பே பதிவு செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும், அதைச் சொல்ல யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை என்றும் வருத்தப்பட்டாள்.

டீச்சரின் கணவர் அன்றைக்கே வீட்டைக் குடைய ஆரம்பித்தார். கல்யாண வீடியோவில் பேச்சையெல்லாம் அழித்துவிட்டுப் பாட்டுப் போட்டிருந்தார்கள். மகளின் பிறந்தநாள் வீடியோக்களை எடுத்தது டீச்சர்தான். ஆனால் "இங்க பாரு" என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் எதிலும் இல்லை. பள்ளிக்கூடம் இணையத்தில் நடந்த காலத்து வகுப்புகளை யாரும் சேமித்து வைக்கவில்லை. மற்றவர்கள் போனில் குரல் செய்தி அனுப்பினால், டீச்சர் காற்புள்ளி, அரைப்புள்ளியோடு எழுதிப் பதில் அனுப்புகிற ஆள். முப்பது வருடம் கூடவே இருந்த ஒருத்தியின் பேச்சு வீட்டில் ஒரு நிமிடம்கூட இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அப்புறம்தான் அந்தப் படம் ஞாபகம் வந்தது. பதினேழு வயதில் டீச்சர் ஒரு படத்தில் நடித்திருந்தார். தியேட்டரைப் பார்க்காமல் நேராக வீடியோ கேசட்டாக வந்த படம். பெயர் ‘பச்சை மண்டையர்கள்’. கல்யாணமான புதிதில் மைத்துனர் அதைச் சொல்லிக் கிண்டல் செய்தபோது டீச்சர் எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கணவர் படத்தைப் பார்த்ததும் இல்லை.

அவர் டீச்சருக்குத் தெரியாமல் தேடினார். பழைய கேசட்டுகளைச் சேகரிக்கும் யாரோ ஒருவர் அட்டைப் படத்தை இணையத்தில் போட்டிருந்தார்: ஒரு பச்சைத் தலை பள்ளிக்கூடக் கூரையைக் கடித்துக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கத்தில் இருந்த பெயரைப் பிடித்துக்கொண்டு போனதில் டைரக்டர் அகப்பட்டார். அந்தக் காலத்தில் கேசட் வாடகைக் கடை வைத்திருந்தவர், இப்போது குளியலறைக் குழாய்கள் விற்கிறார். விஷயம் என்னவென்று கேட்காமலே படத்தை ஒரு குறுந்தகட்டில் போட்டுக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒன்றும் சொல்லாமல் கணவர் அதை ஓடவிட்டார்.

விடுமுறை நாளில் ஸ்பெஷல் கிளாசுக்கு வந்த ஐந்து பேர் பள்ளிக்கூடத்துக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். வேற்றுக்கிரகத்துக்காரர்கள் மூளையை உறிஞ்ச வருகிறார்கள். கடைசி பெஞ்சுப் பையனின் மூளையை உறிஞ்சிய ஒருவனுக்கு வயிற்றுப்போக்கு வந்துவிடுகிறது. பச்சை மண்டை என்பது துணி போடும் பிளாஸ்டிக் கூடையின் மேல் ஒட்டிய நுரை ரப்பர். கண்கள் பாதியாக வெட்டிய டேபிள் டென்னிஸ் பந்துகள். ஒழுகும் பச்சைக் கோழை துணிக்குப் போடும் கஞ்சி. அது துரத்திக்கொண்டு ஓடும்போது முதுகில் ஜிப் தெரிந்தது. கணவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

பிறகு, இரட்டைப் பின்னல் போட்ட ஒல்லிப் பெண் திரைக்கு வந்து வாயைத் திறந்தாள். தொண்டையில் தேனைத் தடவினாற்போல் ஒரு குரல். அது டீச்சருடையது இல்லை என்று முதல் வார்த்தையிலேயே கணவருக்குத் தெரிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தார். டீச்சர் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்துச் சிலேட்டில் எழுதினார்: "அது நான் இல்லை. பச்சை மண்டைக்குள்ளே இருந்தவளோட குரல்."

மீதியையும் அழித்து அழித்து எழுதிக் காட்டினார். படம் எடுத்து முடித்துக் குரல் கொடுக்கப் போன அன்று, அரை மணி நேரத்தில் அந்த இரட்டைப் பின்னல் பெண்ணை அனுப்பிவிட்டார்கள். கதாநாயகிக்கு இப்படிக் கரகரவென்று குரல் இருந்தால், பார்க்கிறவர்கள் இவளைத்தான் வேற்றுக்கிரகத்துக்காரி என்று நினைப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு மைக், டேப் ரிக்கார்டர், போன் எதன் பக்கத்திலும் முடிந்தவரை வாயைத் திறந்ததில்லை. வகுப்பில் மட்டும்தான் பேச்சு, அங்கே வேறு வழியில்லாததால்.

கணவர் மறுநாளே குழாய்க் கடைக்குப் போனார். கோபமாகத்தான் போனார். அப்படிச் சொன்னது யார் என்று கேட்டார்.

டைரக்டர் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தார். "நான்தான் சார். இருபத்துமூணு வயசு எனக்கு. பக்கத்துல நாலு பேர் இருந்தாங்க, சிரிக்க வைக்கணும்னு தோணிச்சு. மனசார அப்படி நினைச்சுக்கூடச் சொல்லல."

டீச்சருக்கு இப்போது குரல் இல்லை என்று கணவர் சொன்னார். டைரக்டர் ஸ்டூலைப் போட்டு, கழிப்பறை மூடிகள் அடுக்கியிருந்த பரணில் ஏறினார். தூசியும் தும்மலுமாக ஒரு பெட்டியை இறக்கினார். படப்பிடிப்பில் ஓடிய மூல கேசட்டுகள், பதினொன்று. டப்பிங் எல்லாம் பின்னால் நடந்தது. இவற்றில் கேமரா மைக்கில் விழுந்த அசல் பேச்சு இருக்கிறது. வீணாகப்போன இரண்டு நாடா போக ஒன்பது தேறும் என்றார். ஓட்டிக் காட்ட அவரே பழைய மெஷினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

டீச்சர் அவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

மூன்றாவது கேசட்டில் அந்தக் காட்சி இருந்தது. அவளும் பச்சை மண்டையும் ஆய்வுக்கூட அலமாரிக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். அதைச் சாந்தப்படுத்த அவள் பதினேழாம் வாய்ப்பாடு சொல்லவேண்டும். ஐந்து பதினேழு எண்பத்தைந்து வரை வந்தபோது மண்டை கழன்று அவள் காலில் விழுந்தது. "ஏய், இது ரெண்டாவது தடவை," என்றது அந்தக் கரகரத்த குரல். "தலைய ஒழுங்கா மாட்டிட்டு வா. இல்லன்னா நானே உன் மூளைய உறிஞ்சிடுவேன்." நாடாவில் எல்லோரும் சிரிக்கும் சத்தம். எல்லோரையும்விட உரக்க, கதவைத் தேய்த்துத் திறப்பதுபோல, அவளுடைய சிரிப்பு.

கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. டைரக்டர் தரையைப் பார்த்துக்கொண்டே, "இதை அப்படியே விட்டிருந்தா படம் இன்னும் நல்லா வந்திருக்கும்," என்றார். பிறகு, "மன்னிச்சிருங்கம்மா. அன்னிக்கே கேட்டிருக்கணும்," என்றார்.

டீச்சர் சிலேட்டை எடுத்தார். ஏதோ எழுதினார், அழித்தார். கடைசியில் எழுதியது இதுதான்: "நானும் வகுப்புல நாலு பேர் சிரிக்கணும்னு சில பிள்ளைங்களைக் கிண்டலாச் சொல்லியிருக்கேன். அவங்க இப்போ எதைச் செய்யாம இருக்காங்களோ."

டைரக்டர் அடுத்த கேசட்டைப் போட்டார்.

ஒன்பது கேசட்டிலும் அவள் பேச்சை மட்டும் பொறுக்கியதில் நாற்பத்தோரு நிமிடம் தேறியது. பயிற்சியாளப் பெண் இரண்டு வாரத்தில் குரலைத் தயாரித்துவிட்டாள். ஒரு சிக்கல்தான்: அது பதினேழு வயதுப் பெண்ணின் குரல். கொஞ்சம் கனமாக்கி, வேகத்தைக் குறைத்து, ஐம்பத்திரண்டு வயதுக்குக் கொண்டுவரலாம் என்றாள். அந்தக் குரலை நன்றாக அறிந்தவர் என்பதால் கணவரிடம் கேட்டாள். ஒரே வாக்கியத்தை இரண்டு விதமாகப் போட்டு, "இதா சார், அதா?" என்றாள்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, நாள் முழுக்க மற்றவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டே பிழைத்தவர். முதலாவது என்றார். இல்லை, இரண்டாவது என்றார். மறுபடியும் போடச் சொன்னார். ஆறேழு தடவைக்குப் பிறகு போதும் என்று சொல்லிவிட்டார். குரல் போய் நான்கு மாதம்கூட ஆகவில்லை. தினமும் காலையில் அவரை எழுப்பிய குரல் எப்படி இருந்தது என்று அவரால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, போனை வாங்கி டைப் அடித்தார். பதினேழு வயதுக் குரல் அப்படியே, எதுவும் மாற்றாமல் பேசியது:

"இப்படியே இருக்கட்டும். இந்தப் பொண்ணு பேசி யாரும் கேட்டதில்ல. நீங்களும்தான்."

அது உண்மை. அந்த வயதில் அவளை அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அவர் என்னென்னவோ கேட்டுக்கொண்டே வந்தார், பதில் வேண்டும் என்பதற்காக இல்லை. டீச்சரும் சலிக்காமல் தட்டினார். முன் சீட்டுக்காரர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தார். தலைமையாசிரியை எடுத்தார். "வணக்கம் மேடம்" என்று கேட்டதும், "அம்மா எப்படி இருக்காங்க? அவங்ககிட்ட கொஞ்சம் குடும்மா," என்றார்.

டீச்சர் நிதானமாகத் தட்டினார். "அம்மாதான் பேசறேன். திங்கட்கிழமையிலிருந்து வரலாமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

தலைமையாசிரியை தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடுவதாகவும், முக்கோணப் பாடம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்றும் சொன்னார்.