காலால் வாசிக்கிற கிற்றார்

1.

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாரிசில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில், ரூ காய் என்ற தெருவில், சேலைக் கடைக்கும் மரக்கறிக் கடைக்கும் நடுவில், தொலைபேசிக் கூண்டுகள் வைத்த ஒரு கடை இருந்தது. பின்பக்கத்தில் ஒரு போட்டோக்கொப்பி மெசின், பக்கத்தில் ஒரு மேசை, மேசையில் இராஜேந்திரன். அவர் 'கேஸ்' எழுதுபவர். அதாவது அகதி விண்ணப்பம் போடுகிறவர்களின் கதையைத் தமிழில் கேட்டு பிரெஞ்சில் எழுதிக் கொடுப்பவர். 2016இல் ஒரு மத்தியானம் நான் பிறப்புச் சான்றிதழைப் பிரதி எடுக்கப் போக, மெசினில் தாள் சிக்கிக்கொண்டது. அதை இழுத்து எடுத்த நேரத்துக்குள் அவர் இதைச் சொல்லி முடித்தார்.

"நீர் கதை எழுதுறனீர்தானே. இதை எழுதும் பாப்பம்" என்றார், மெசினைப் பார்த்துக்கொண்டே.

முதல் தொடக்கம்: 2010 ஆனி மாதம். லா சப்பலில் மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்த ஒரு நாள், வன்னியிலிருந்து வந்த ஒருவர்

(மழை பெய்யவில்லை. அன்று நல்ல வெயில் என்று இராஜேந்திரன் இரண்டு தரம் சொன்னார். சோகக் கதைக்கு வெயில் ஒத்துவராதென்று நானாகப் பெய்யவிட்டேன். வெட்டுகிறேன்.)

இரண்டாம் தொடக்கம்: யேசுரட்ணம் ஒரு வயலின் கலைஞர்.

(இதுவும் பொய். அவர் வாசித்தது வயலின் இல்லை. வயலின் என்றால் நீங்கள் கேள்வி கேட்காமல் தாண்டிப் போவீர்கள், அதுதான் மாற்றினேன். இராஜேந்திரன் செய்த பிழையும் கிட்டத்தட்ட இதுதான். இனி ஒழுங்காகச் சொல்கிறேன்.)

2.

வெயில் நாள். யேசுரட்ணத்துக்கு நாற்பது வயதிருக்கும். மேசைக்கு முன்னால் கதிரையின் நுனியில் இருந்தார்.

"என்ன தொழில் செய்தனீர்?"

"சைக்கிள் திருத்துறனான் அண்ணை. மாதா கோயில்லை கிற்றாரும் வாசிக்கிறனான். காலாலை வாசிக்கிற கிற்றார்."

இராஜேந்திரன் பேனையை வைத்தார். "காலாலையோ?"

"கையாலையும்தான். மேசை மாதிரிப் படுக்க வைக்கிறது. மேலை இரும்புக்கட்டியாலை கம்பியிலை வழுக்கிறது, கீழை மிதி. மிதிச்சா நாதம் வளையும். ஒரு புத்தகத்திலை படம் பாத்து நானே செய்தனான். சைக்கிள் பிறேக் கம்பியும் தையல் மெசின்ரை மிதியும்."

இத்தனை வருட அனுபவத்தில் இராஜேந்திரன் அகதி விண்ணப்பங்களை விசாரிக்கிற காரியாலயத்தைக் கரைத்துக் குடித்தவர். அங்கே எந்த வசனத்துக்கு அதிகாரி தலையாட்டுவார், எதற்குக் கண்ணைச் சுருக்குவார் என்றெல்லாம் அவருக்குத் தெரியும். இவன் காதில் பூச்சுற்றுகிறான் என்று நினைத்தார். அதற்கு ஒரு அடையாளமும் கண்டார். பேசப் பேச யேசுரட்ணத்தின் முழங்கால்கள் மேசைக்குக் கீழே விலகுவதும் கூடுவதுமாக இருந்தன. இடது பாதம் எதையோ அழுத்தி அழுத்தி விட்டது.

"தம்பி, காலை ஆட்டாதையும். பொய் சொல்லுறீர் எண்டு நினைப்பினம்."

"சரி அண்ணை." கால் நின்றது. கால் நின்றதும் பேச்சும் தடுமாறத் தொடங்கியது. "போன வருசம் சித்திரையிலை ஆமிப் பக்கம் வந்தனாங்கள். கிற்றார்ப் பெட்டியைச் சைக்கிளிலை கட்டிக்கொண்டு வந்தனான். செக்பொயின்ரிலை கம்பியளைக் கண்டிட்டு என்னை விலத்தி நிப்பாட்டினாங்கள். மனிசி யோகராணியையும் பிள்ளையையும் மற்ற லைனிலை விட்டாங்கள். பெட்டியைத் திறந்தாப் பிறகு..."

"காணும்" என்று இடைமறித்தார் இராஜேந்திரன். "பெட்டியை விடும். அது எடுபடாது. உமக்கு நான் வேறை மாதிரி எழுதித் தாறன்."

யேசுரட்ணம் வாதாடவில்லை. "உங்களுக்குத் தெரியும்தானே அண்ணை" என்றார். வந்து மூன்று கிழமையான ஆள், வேறு என்ன சொல்ல முடியும்?

3.

இராஜேந்திரனிடம் மூன்று கதைகள் இருந்தன: பங்கர் வெட்டப் பிடித்துப் போனது, போராளிகள் கடையில் சாமான் வாங்கியதால் சந்தேகத்துக்கு ஆளானது, தமையன் காரணமாகத் தேடப்பட்டது. ஊர்ப்பெயரும் திகதியும் மாறும், மற்றபடி எலும்பு ஒன்றுதான். யேசுரட்ணத்துக்கு இரண்டாவதைக் கொடுத்தார்.

(நியாயமாகச் சொன்னால், அந்தக் கதைகளும் ஒருகாலத்தில் யாருக்கோ உண்மையாக நடந்தவை. அடுத்தவருக்கு மாட்டிவிடும்போதுதான் பொய்யாகின்றன. நானும் இதே தொழிலில் இருப்பவன் என்பதால் அதிகம் பேசாமல் விடுகிறேன்.)

2011இல் நிராகரிப்பு வந்தது. காரணம் நாலே வரி: இதே சம்பவங்களைப் பலர் இதே ஒழுங்கில் சொல்லியிருக்கிறார்கள், விண்ணப்பதாரருக்கு மட்டும் உரிய விவரம் ஒன்றுமில்லை. மேன்முறையீடும் அடுத்த வருடம் விழுந்தது. நாட்டை விட்டு வெளியேறச் சொல்லும் கடிதத்தை யேசுரட்ணம் அதே மேசையில் கொண்டுவந்து வைத்தார். இராஜேந்திரன் அதை வாசித்துத் தமிழில் சொன்னார். அதன் பிறகு அந்த ஆளைக் காணவில்லை.

4.

2013இல் கேஸ் எழுதுகிற வேலை குறைந்துவிட்டது. இராஜேந்திரன் மொழிபெயர்ப்பாளராக ஊர் ஊராகப் போகத் தொடங்கினார். ஒரு சனிக்கிழமை, ஒர்லெயோனுக்கு அப்பால் ஒரு சின்ன நகரத்து மருத்துவமனையில், சத்திரசிகிச்சை முடிந்த தமிழ்ப் பெண் ஒருவருக்கு மருந்து விவரம் சொல்லிக் கொடுத்தார். வேலை அரை மணித்தியாலத்தில் முடிந்தது. பாரிசுக்குத் திரும்புவதற்கு ரயில் மூன்று மணித்தியாலம் கழித்துத்தான். வெளியே நடந்தார்.

ஊர் மண்டபத்தின் கதவு திறந்திருந்தது. உள்ளே கௌபோய்த் தொப்பி போட்ட பிரெஞ்சுக் கிழவர்களும் கிழவிகளும் வரிசை கட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். இராஜேந்திரனுக்குச் சிரிப்பு வந்தது. அதுதான் அந்த நாளில் அவர் கடைசியாகச் சிரித்தது. மேடையின் ஓரத்தில் ஒரு வெள்ளைக்கார மனிதர் மேசை போன்ற ஒன்றின் முன்னால் இருந்தார். கையில் இரும்புக்கட்டி. கம்பியிலிருந்து ஒரு நாதம் கிளம்பி, அழப்போகிற பிள்ளையின் வாய் கோணுவதுபோல் கோணி, நேராகாமலே அடுத்ததற்குப் போனது.

பிறகுதான் இராஜேந்திரன் கீழே பார்த்தார். முழங்கால்கள் மேசையடி நெம்புகளைத் தள்ளி விலகின, கூடின. இடது பாதம் அழுத்தி அழுத்தி விட்டது.

வாசகரே, இந்த இடத்தில் இராஜேந்திரன் சுவரைப் பிடித்துக்கொண்டார் என்று எழுதியிருந்தேன். அவர் பிடிக்கவில்லையாம். "அப்பிடியே நிண்டனான். யேசுரட்ணம் என்ரை மேசைக்குக் கீழை வாசிச்சிருக்கிறான். நான் காலை நிப்பாட்டச் சொன்னனான்" என்றார்.

5.

அதற்குப் பிறகு வேலைக்குப் போகும் ஊரிலெல்லாம் அந்த வாத்தியக்காரர்களைத் தேடுவது அவருக்கு ஒரு நோய்போல ஆகிவிட்டது. லீல் பக்கத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். நாந்தில் ஒரு பல் வைத்தியர். துலூசில் மார்கிரட் என்ற பெண். பாட்டைக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. முழங்கால்களைப் பார்த்தார், அனுமதி கேட்டுப் படம் பிடித்தார். மார்கிரட்டிடம் மட்டும் ஒன்று கேட்டார்.

"சைக்கிள் பிறேக் கம்பியால் இதைச் செய்ய முடியுமா?"

அவள் முதலில் சிரித்தாள், பிறகு குனிந்து தன் வாத்தியத்தின் அடியைப் பார்த்தாள். "மிதியும் கம்பியும் இழுவையும்தானே. முடியும். அப்படிச் செய்தவரை எனக்குக் காட்டுவீர்களா?"

காட்ட ஆள் இல்லை. பாரிசுப் புறநகர் சார்செலில் யேசுரட்ணம் இருந்த அறையில் இப்போது வேறு நாலு பேர். லண்டனுக்குப் போனதாக ஒருவர் சொன்னார். "இல்லை, பொலிஸ் பிடிச்சுப் பிளேன் ஏத்தி விட்டது" என்றார் இன்னொருவர். யாரும் நேரில் கண்டதில்லை. கைத்தொலைபேசி இலக்கம் பாவனையில் இல்லை.

6.

முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன.

அ) லண்டனில் ஒரு தேவாலயத்தில் ஞாயிறு பூசை. பாட்டுக் குழுவின் ஓரத்தில் யேசுரட்ணம் புது வாத்தியத்தோடு

(இதை எழுதும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதிப்பட எனக்கு என்ன உரிமை? வெட்டிவிட்டேன்.)

ஆ) திருப்பி அனுப்பப்பட்டு இறங்கிய கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இரண்டு பேர் அவரைத் தனியே

(இதை எழுத மூன்று தரம் உட்கார்ந்தேன். கை போகவில்லை.)

இ) இது நடந்தது. ஆள் கிடைத்தால் வழக்கை மறுபடி திறக்கலாம் என்று, 2014இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இராஜேந்திரன் படங்களையெல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு யேசுரட்ணத்தின் உண்மைக் கதையை எழுத உட்கார்ந்தார். மாதா கோயில், புத்தகத்துப் படம், தையல் மெசினின் மிதி, சைக்கிளில் கட்டிய பெட்டி. செக்பொயின்ற். மற்ற வரிசையில் யோகராணி, பிள்ளை. "பெட்டியைத் திறந்தார்கள்" என்று எழுதினார். பேனை அதோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நடந்தது அவருக்குத் தெரியாது. சொல்ல வந்தவரை அந்த இடத்தில்தான் 'காணும்' என்று நிறுத்தியிருந்தார். இந்த ஆள் ஏன் பாரிசுக்குத் தனியாக வந்தார் என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. பிள்ளையின் பெயர்கூட நினைவில்லை. விண்ணப்பப் படிவத்தில் மனைவி, மகள் இருவருக்கும் நேரே 'இருப்பிடம் தெரியாது' என்று, எல்லோருக்கும் போடுவதுபோல, அவரே போட்டிருந்தார்.

"நீர் எழுதும்" என்று என்னிடம் சொன்னது இதற்காகத்தான். மிச்சத்தை நான் நிரப்புவேன் என்று நம்பியிருக்கிறார், பாவம்.

என்னால் முடியும். ஒரு சிப்பாய், ஒரு கத்தல், திரும்பிப் பார்க்கிற யோகராணி, உடைகிற பலகை. பத்து நிமிட வேலை. நீங்களும் கண் கலங்குவீர்கள். அதோடு அது இராஜேந்திரனின் நான்காவது கதையாகிவிடும்.

கீழே ஆறு வரிக்கு இடம் விடுகிறேன். நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன், இந்த வகைக் கதைகளில் அதுதான் மரியாதை. வேண்டாம். தயவுசெய்து நிரப்பாதீர்கள். ஒரு மனிதர் பாதியில் நிறுத்தப்பட்டிருக்கிறார். அவர் வந்து சொல்லட்டும், வராவிட்டால் வெறுமையாகக் கிடக்கட்டும்.

பெட்டியைத் திறந்தாப் பிறகு