சீமாட்டி மீது ஒரு விசாரணை

பணி ஓய்வு பெற்று எட்டு மாதமாகியும் அப்பா இன்னும் துணை இயக்குநர்தான். எங்கள் பூனை சீமாட்டி சொறிந்துகொள்கிறது என்பதற்காக ஒரு கோப்பு திறந்தார். மேலட்டையில், 'பூனை – தொடர் அரிப்பு – காரணம் கண்டறிதல் தொடர்பாக' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

சீமாட்டி அதைச் சட்டை செய்யாமல் காதுக்குப் பின்னால் டக்டக்கென்று சொறிந்துகொண்டிருந்தது. வாலடியில் முடி கொட்டித் தோல் சிவந்திருந்தது.

"ஞாயிற்றுக்கிழமைக்குள்ள காரணம் தெரியணும். இல்லேன்னா உங்க மாமாவோட அச்சகத்துக்குப் போகட்டும். அங்க எலிக்குப் பஞ்சமில்ல" என்று உத்தரவு போட்டார்.

நான் சீமாட்டியை வாரி எடுத்துக்கொண்டேன். மழையில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைக் கைப்பைக்குள் போட்டுக் கொண்டுவந்தவள் நான்.

விசாரணை சூடுபிடித்தது. அம்மா போட்ட மீன், நான் வாங்கிய ஷாம்பு, பக்கத்து வீட்டுக் கடுவன் பூனை எல்லாம் குற்றவாளிக் கூண்டில் ஏறின. அப்பாவின் பெயர் மட்டும் பட்டியலில் இல்லை. "எனக்கும் அந்தப் பிராணிக்கும் என்ன சம்பந்தம்?"

சனிக்கிழமை காலை சீமாட்டியைக் கால்நடை டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் கோப்பெல்லாம் திறக்கவில்லை. சின்னப் பல் சீப்பால் வாலடியை வாரினார். சீப்பில் வந்த கறுப்புத் துகளை ஈரப் பஞ்சில் தட்டினார். துகளைச் சுற்றிச் செம்பழுப்பாய்க் கறை பரவியது.

"ரத்தம். தெள்ளுப்பூச்சி குடிச்சு வெளியே போட்டது. இந்தச் சொட்டு மருந்தைப் பிடரியில விட்டுடறேன். ஆனா முட்டையெல்லாம் இது படுக்கிற இடத்துலதான் கிடக்கும். அதைக் கண்டுபிடிச்சு சுத்தம் பண்ணலேன்னா திரும்பவும் சொறியும்."

வீட்டுக்கு வந்து நானும் அம்மாவும் ஈரப் பஞ்சோடு கிளம்பினோம். மெத்தை, சோபா, மிதியடி எல்லாம் சுத்தம். அம்மா வாராவாரம் துவைப்பவள். மிச்சமிருந்தது அப்பாவின் நாற்காலி. அலுவலகத்தில் ஏலம் விட்டபோது எடுத்து வந்தது. உயரமான முதுகு, கருநீல வெல்வெட் மெத்தை. அதில் யாரும் உட்காரக் கூடாது, துடைப்பம்கூடப் படக் கூடாது.

"அதுல பூனை ஏறாது. நான் ஏறவிட்டதில்ல" என்றார் அப்பா.

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்த வெயில்ல ஒரு வாரமா எதுக்கு முழங்கால் வரைக்கும் சாக்ஸ்?"

"அது... ஒரு ஒழுங்கு."

"கழட்டுங்க உங்க ஒழுங்கை."

கணுக்காலைச் சுற்றி வரிசை வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். நான் மெத்தையின் மடிப்பில் பஞ்சை ஒற்றி எடுத்தேன். செம்பழுப்பு.

அப்பா கழற்றிய சாக்ஸைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார். "நீ வேலைக்குப் போயிடறே. உங்கம்மா தையல் மிஷின்ல உக்காந்துடறா. மத்தியானம் அதுவா வந்து மடியில ஏறும். ஒரு அரைமணி நேரம்... சரி, ரெண்டு மணி நேரம்." குரல் இறங்கியது. "இப்பல்லாம் என்னைப் பார்க்கன்னு வர்றது அது ஒண்ணுதான்."

அச்சகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மா மெத்தையை உருவி வெந்நீரில் முக்கினாள்.

"துவைக்கத் தோதா ஒரு உறை தைச்சுத் தரேன். ஆனா கொஞ்சம் அகலமாத்தான் தைப்பேன். ரெண்டு பேர் உக்காரணும்ல?"

மெத்தை இழந்த நாற்காலி முற்றத்து வெயிலில் எலும்புக்கூடாய் நின்றது. துணை இயக்குநர் வெறுந்தரையில் சம்மணமிட்டு, சீமாட்டியை மடியில் போட்டு, டாக்டரம்மா கொடுத்த சீப்பால் மெல்ல வாரினார். இருவரும் முறை வைத்துச் சொறிந்துகொண்டார்கள்.

"வலிக்குதாடா?" என்று குனிந்து கேட்டார். நான் பார்ப்பது தெரிந்ததும் தொண்டையைக் கனைத்து, "அந்தக் கோப்பை மூடிடு" என்றார்.