மரியசூசை வேலைக்காரர் அல்ல

பிரெஞ்சுத் தலைநகரில் தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில், ஒரு சமூக மண்டபத்தில் பழைய பாண்டிச்சேரிப் புகைப்படங்களைக் கண்காட்சியாக வைத்திருந்தார்கள். தபால்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மர்கரீத், ஒரு படத்தின் முன் அப்படியே நின்றுவிட்டாள். வெள்ளைக்கார அதிகாரிகள் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்க, பின்னால் கோட்டுப் போட்டு நின்றவர் அவளுடைய தாத்தா மரியசூசை. கீழே பிரெஞ்சில், ‘அதிகாரிகள், வேலைக்காரருடன்.’

பாண்டிச்சேரியில் வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம் என்றிருந்த காலத்தில், மரியசூசை அரசாங்க எழுத்தர். தேர்தலிலும் வெள்ளையருக்கு ஒரு பட்டியல், இந்தியருக்கு வேறு பட்டியல். அது அநியாயம் என்று நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தார், வேலை போயிற்று. பதவிநீக்க உத்தரவை மர்கரீத் இன்னும் பத்திரமாக வைத்திருந்தாள்.

அதை எடுத்துக்கொண்டு மண்டபப் பொறுப்பாளர் ஸ்டெஃபானியிடம் போனாள். அவளும் பாண்டிச்சேரிக் குடும்பத்துப் பெண்தான். முதல்நாள் ஒரு படிவம் கொடுத்தாள். அடுத்தமுறை, மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னாள். மூன்றாம் முறை போனபோது குழு கூடித்தான் முடிவெடுக்கும், குழுத் தலைவர் விடுமுறையில் இருக்கிறார் என்றாள்.

“ஆர்ஷிவில, அந்தப் பழைய ஆவணத்துல, அப்படித்தான் போட்டிருக்கு, மதாம். நான் எப்படி மாத்தறது?”

“அந்த ஆர்ஷிவை எழுதினது யாரு? நாற்காலியில உட்கார்ந்திருக்கானே, அவன்தானே?”

ஸ்டெஃபானி கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எரிச்சலோடு வெளியே வந்த மர்கரீத், உத்தரவை நகலெடுக்க எதிர்க்கடைக்குப் போனாள். கடைக்கார யசோதினி யாழ்ப்பாணத்துப் பெண். கதை முழுவதையும் கேட்டுவிட்டு, “அக்கா, உவையள் எழுதப் போறேல்லை. நீங்கள் சொல்லுங்கோ, நான் அட்டையில அடிச்சுத் தாறன்” என்றாள்.

பழைய வரியின்மேல் புதிய அட்டையை மர்கரீத்தே ஒட்டினாள். பெயர், வேலை, மனு, தண்டனை எல்லாம் அதில் இருந்தன. மறுநாள் போனால் அட்டையோடு படத்தையே கழற்றியிருந்தார்கள்.

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, வெறுஞ்சுவரின் கீழ் உத்தரவின் நகலோடு உட்கார்ந்தாள். இங்கே உட்காரக்கூடாது என்று ஸ்டெஃபானி இரண்டுமுறை சொன்னாள். மர்கரீத் எழுந்திருக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் என்னவென்று கேட்டார்கள், கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். மூன்று நாள் இப்படியே போயிற்று.

நான்காம் நாள் படம் திரும்பி வந்தது. கீழே புது வரி: ‘எழுத்தர் மரிசூசை. சமவாக்குரிமை கேட்டதற்காகப் பதவி நீக்கப்பட்டவர்.’

பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. இன்னொரு படிவம் நிரப்ப மர்கரீத்துக்குத் தெம்பில்லை. கைப்பையைத் துழாவிப் பேனாவை எடுத்தாள்.

ஸ்டெஃபானி பார்த்தாள். இந்தமுறை தடுக்கவில்லை.